பக்கத்து வீட்டுக்காரி போட்ட கையெழுத்து

எங்கள் ஊரில் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது, சரி, அரைக் கோப்பை என்று உட்கார்ந்து மூன்று கோப்பை குடித்துவிட்டு எழுந்திருக்கலாம். நார்வேயை விட்டு அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் மறக்காமல் கொண்டுவந்த சொத்து இது ஒன்றுதான். முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவன் வெளியூர்க்காரன். இந்த விஷயத்தில் ஹால்வர் லியன் எல்லோருக்கும் மேலே. நாலாவது தடவையும் கேட்க வைப்பான்.

ஹால்வர் பெரிய மனிதன் ஒன்றுமில்லை. நாற்பது பசு, ஓட்டை டிராக்டர், சர்ச்சில் கடைசிக்கு முந்தைய பெஞ்சு. உருளைக்கிழங்குக்கு ஒரு தடவை இரண்டாம் பரிசு வாங்கிப் பத்திரிகையில் பெயர் வந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தான். நிக்கோலாய் லியனுக்கும் அவர் மனைவி பெரித்துக்கும் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து வந்த ஒரே பிள்ளை. ஊருக்கு எண்ணத் தெரியும். கேட்கத்தான் தெரியாது.

1942-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு மேஜை என்னுடையது. யுத்த காலம். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் ஆளை உள்ளே விடவில்லை. பண்ணை வீடுகளில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் புத்தகத்தில் பதிவே கிடையாது. அவர்கள் பழைய தாள் ஒன்றும், பிறந்ததைத் தெரிந்த சாட்சி ஒருவரும் கொண்டுவர வேண்டும். சாட்சி சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் நான் டைப் அடித்துக் கொடுப்பேன்.

ஹால்வர் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து நகல் கொண்டுவந்தான். பிறந்தது 1919 மார்ச் ஒன்பது, பெற்றோர் நிக்கோலாய், பெரித். இரண்டு பேரும் அதற்குள் இறந்து போயிருந்தார்கள்.

"சாட்சிக்கு யாரு ஹால்வர்?"

"காபிக் கடை சிக்னே அக்கா. சும்மா பேச்சுவாக்குல சொன்னேன், தானே வரேன்னுட்டாங்க. நாளைக்குக் கூட்டிட்டு வரேன்."

மறுநாள் காலை, அவர்கள் வருவதற்கு முன்னால், வழக்கம்போல மருத்துவச்சியின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவள் குன்ஹில்ட் கிழவி. அவள் செத்தபிறகு அவள் நோட்டுகளை வீட்டார் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். மார்ச் ஒன்பதில் ஒன்றுமில்லை. பின்னால் போனேன். பிப்ரவரி இரண்டு. லியன் வீடு. பையன். தாய், வீட்டு வேலைக்கு இருக்கும் சிக்னே ஹாவ்கென், வயது பதினெட்டு. தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு.

நோட்டை மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "சர்ச் பதிவு பெரிசா, கிழவி நோட்டு பெரிசா? வந்ததை டைப் அடிம்மா" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது, அதை மறைப்பானேன். நோட்டை அடி டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

சிக்னே அக்கா வந்தாள். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள். கோட்டுக்கு உள்ளே கடை ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருந்தாள். பக்கத்தில் ஹால்வர், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு.

"இவர் பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்னு சொல்லணும் அக்கா."

"நான் அங்கதான் இருந்தேன்."

"உறவுன்னு ஒரு இடம் இருக்கு. என்ன போடட்டும்?"

அவள் டைப்ரைட்டரையே பார்த்தாள். "மத்தவங்க என்ன போடுறாங்க?"

"உறவு இல்லாதவங்க பக்கத்து வீடுன்னு போடுவாங்க."

"அப்ப அதையே போட்டுடு பொண்ணே."

ஹால்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்து வீடா? எங்க பண்ணைக்கும் உங்க கடைக்கும் ஆறு மைல் அக்கா!"

"பனி கொட்டுனா எல்லாரும் பக்கத்து வீடுதான். பேசாம நில்லுடா."

அடித்த தாளை வாசித்துக் காட்டினேன். மார்ச் ஒன்பது. நிக்கோலாய். பெரித். "எதையாவது மாத்தணுமா அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். சரியாத்தான் இருக்கு" என்றாள்.

தாளை அவள் பக்கம் தள்ளினேன். பேனாவை இறுக்கிப் பிடித்து மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஹால்வர் இரண்டு வருஷம் தொழிற்சாலையில் இருந்துவிட்டுப் பண்ணைக்கே திரும்பினான். தினமும் பால் கறந்து முடித்ததும் சிக்னே கடையில் காபி. அலுவலகம் திறக்கும்வரை நானும் அங்கேதான் இருப்பேன். அதனால் வருஷா வருஷம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. பிப்ரவரி இரண்டாம் தேதி, அவன் கேட்காமலே, பாதாம் கேக் தட்டில் வந்து நிற்கும்.

"ஒரு துண்டு சாப்பிடுடா."

"வேணாம் அக்கா, வயிறு நிறைஞ்சிருக்கு."

"சின்னத் துண்டு."

"என்ன விசேஷம்? மாப்பிள்ளை கிடைச்சுட்டாரா?"

"பாதிக் குளிர்காலம் தாண்டியாச்சுல்ல, அதுக்குத்தான். சாப்பிடு."

கடைசித் தூள்வரை அவன் தின்று முடிக்கிறவரைக்கும் துடைப்புத் துணியோடு அங்கேயே நிற்பாள். மார்ச் ஒன்பதாம் தேதி வெறும் காபிதான். நான் என் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும், நமக்கென்ன வந்தது என்று எழுந்து போனேன். ஏறக்குறைய முப்பது பாதாம் கேக். என் கோழைத்தனத்துக்கு அதுதான் அளவு.

1974 அக்டோபரில் சிக்னே அக்கா இறந்தாள். வாடிக்கைக்காரன் என்ற முறையில் ஹால்வரும் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். தூக்கிய ஆறு பேரில் ஒருவன்.

அடுத்த வருஷம், நாடு சுதந்திரம் அடைந்த இருநூறாவது ஆண்டுக்காக எங்கள் ஊரிலும் ஒரு புத்தகம் போட முடிவாயிற்று. குடும்பத்துக்கு ஒரு வம்ச வரலாறு எழுதிக் கொடுக்க வேண்டும். ஹால்வரின் மகள் ஆர்டிஸ் அதில் மும்முரமாக இறங்கினாள். இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஹால்வர் என் கவுண்டருக்கு வந்தான்.

"ஒரு குழப்பம் தோரா. சர்ச்ல மார்ச் ஒம்பது. என்னை ஸ்கூல்ல சேர்த்த புத்தகத்துல பிப்ரவரி ரெண்டு. எழுதினது எங்கம்மா கையெழுத்து. அவங்க மளிகைச் சீட்டுலகூடத் தப்பு விடமாட்டாங்க. ஆர்டிஸ் என் உயிரை வாங்குறா. நான் எப்பதான் பொறந்தேன்?"

பெரித் பள்ளிக்கூடத்தில் அன்று மறந்துபோய் உண்மையை எழுதிவிட்டாள் போலும். பேனா தவறியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் அவன் சிரித்துக்கொண்டு நின்றான், என்னால் முடியவில்லை. அடி டிராயரைத் திறந்து நோட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன்.

இரண்டு தடவை படித்தான். விரல் தேதியில் நின்றது.

"பாதாம் கேக்" என்றான்.

விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

"அப்பா இடத்துல கோடு போட்டிருக்கே. நிக்கோலாயா?"

"தெரியாது ஹால்வர். நிஜமாவே தெரியாது."

"சரி. அவரு நிலத்தைத்தான் உழுதுட்டு இருக்கேன். அது அப்படியே இருக்கட்டும். அம்மாங்கிற இடத்துல மட்டும் சிக்னே அக்கா பேரைப் போட முடியுமா?"

"பிறந்தப்ப அங்க இருந்தவங்க யாராவது வந்து சத்தியம் பண்ணணும்."

சட்டம் அப்படித்தான். 1942-இன் தாளை எடுத்துக் காட்டினேன். அங்கே இருந்தவள் எப்போதோ வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுவிட்டாள், பக்கத்து வீடு என்று நான் எடுத்துக்கொடுத்த வார்த்தைக்குக் கீழே. வீட்டில் டின் பெட்டிக்குள் இதே தாளின் நகலை முப்பத்துமூன்று வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தவன், அந்தக் கையெழுத்தை இன்றைக்குத்தான் பார்ப்பவன்போல் பார்த்தான்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அவங்ககிட்ட கேட்டியா?"

"கேட்டேன். எதையாவது மாத்தணுமான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க."

அவன் என்னை நேராகப் பார்த்தான். "எத்தனை தடவை கேட்ட?"

கறுத்த காபிக்கும் காய்ந்த பிஸ்கட்டுக்கும் மூன்று தடவை கேட்கிற ஊர் இது.

"ஒரு தடவை" என்றேன்.

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மன்னித்துவிடு என்று முதுகுக்குப் பின்னால் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

புத்தகத்துக்கு ஆர்டிஸ் அனுப்பிய தாளில் பிறந்த தேதி பிப்ரவரி இரண்டு என்று இருந்தது. தாய் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். அச்சுக்காரர், பதிவில் இருப்பதைத்தான் போடுவேன் என்று சிக்னேயின் பெயரை நீக்கிவிட்டார்.

அடுத்த பிப்ரவரி இரண்டு, திங்கட்கிழமை. அலுவலகம் திறந்ததும் ஹால்வர் வந்தான். கையில் அட்டைப் பெட்டி. கவுண்டரில் வைத்து நூலைப் பிரித்து மூடியைத் திறந்தான். பாதாம் கேக்.

"ஆர்டிஸ் பண்ணினா. இன்னைக்கு எனக்கு அம்பத்தேழு. ஒரு துண்டு எடுத்துக்க தோரா."

என்னை மன்னித்துவிட்டான் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்கூடக் கலங்கியது. ஆனால் வாய் பழகின வாய்.

"ஐயோ, வேணாம் ஹால்வர். இப்பதான் சாப்பிட்டு வந்தேன்."

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு மூடியைச் சாத்தி, நூலைக் கட்டி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். நான் இரண்டாவது தடவைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.