அம்பாள் பாதத்தில் வைத்த மாத்திரை

உச்சிமாகாளியால் படுத்துத் தூங்க முடியவில்லை. மல்லாந்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் கண் அயர்வார். வீங்கிய காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். விசைத்தறிக் கொட்டகைக்குப் போவது நின்றுபோனது. இதயத்துக்கு ரத்தத்தை இறைக்கும் பலம் குறைந்துவிட்டது என்றார்கள் மதுரை ஆஸ்பத்திரியில். 1986-இல் அங்கே ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சம்மதம் கேட்டு அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கமான மருந்துகளோடு புதிதாக ஒரு புட்டியும் சங்கரன்கோவிலுக்கு வந்தது.

மாதம் ஒருமுறை வீடு தேடி வரும் நர்ஸ் ஞானபூரணம் எதையும் மறைக்கவில்லை.

"இதுல மருந்தும் இருக்கலாம், வெறும் மாவும் இருக்கலாம் அக்கா. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்பதான் சோதனை நேர்மையா இருக்கும்."

"யாருக்குமே தெரியாதா? நல்ல கூத்தால்லா இருக்கு!" என்றாள் உச்சிமாகாளியின் மனைவி ஆறுமுகத்தாய்.

நர்ஸ் தலை மறைந்ததும், "அம்பாளுக்குத் தெரியும்லா" என்று புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு கோயிலுக்கு நடந்தாள். கோமதியம்மன் பாதத்தில் வைத்து எடுத்த புட்டி, புற்றுமண்ணும் குங்குமமும் ஒட்ட வீடு திரும்பியது. இனி உள்ளே மாவே இருந்தாலும் அது மருந்துதான்.

ஆனால் அம்பாள் பாதத்தில் வைத்தது பிரசாதம். கேட்டவருக்குப் பிரசாதத்தை இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. அடுத்த வீட்டுப் பிச்சம்மாளுக்கும் அதே இரைப்பு, அதே வீக்கம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மதுரைக்குக் கூட்டிப் போக ஆள் இல்லை. "எனக்கும் ஒரு துணுக்குக் குடேன் தாயி" என்று, உச்சிமாகாளி கண் மூடியிருந்த நேரம் பார்த்து வந்து நின்றாள். அன்றிலிருந்து தினமும் பாக்குவெட்டியில் மாத்திரை இரண்டானது.

அடுத்த முறை வந்த ஞானபூரணம் புட்டியில் மிச்சத்தை எண்ணினாள். கணக்கு சரி. காலை அழுத்தினாள். குழி முன்னைவிட ஆழம்.

"அண்ணாச்சி, ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

உச்சிமாகாளி மனைவியைப் பார்த்தார். "அதெல்லாம் கரெக்டாப் போயிட்டு இருக்கு."

"அப்போ முழுசா சாப்பிட்டும் வீக்கம் கூடிருக்குன்னு எழுதிக்கிடுதேன். இப்படி எழுதுறதை எல்லாம் சேர்த்து வச்சுத்தான் இந்த மருந்து ஆகுமா ஆகாதான்னு முடிவு பண்ணுவாங்க."

ஆறுமுகத்தாய் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் புருஷனைச் சோதனையிலிருந்து கழித்துவிடுவார்களோ? பிச்சம்மாளின் பாதியும் நின்றுபோகுமே? சொல்லாவிட்டால், எந்த ஊரிலோ இவரைப் போலச் சுவரில் சாய்ந்து தூங்கும் ஒருத்தருக்கு, ஆகிற மருந்தும் ஆகாது என்றாகிவிடும்.

"எழுதாத தாயி" என்றாள். "அவுக தின்னது பாதிதான். மிச்சம் பக்கத்து வீட்டு மதினிக்கு. அம்பாள் பிரசாதம்லா, எப்படி மறுக்க?"

ஞானபூரணம் பேனாவை மூடினாள். "பிரசாதம் சரிக்கா. ரத்த அழுத்தம் இறங்கி அந்தம்மா மயங்கி விழுந்திருந்தா?"

ஆறுமுகத்தாய் முகம் வெளுத்தது. "ஏ யம்மா! தலை சுத்துதுன்னு நேத்துக்கூடச் சொன்னாளே!"

"பதறாதீங்க. அண்ணாச்சியை வெளிய அனுப்ப மாட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுதேன். இனிமே முழுசாக் குடுங்க. நாளைக்கு ரெண்டு பேரையும் டாக்டர் பார்க்கட்டும். அந்தம்மாவுக்கு வேண்டியதை அவர் தனியாக் குடுப்பாரு."

மறுநாள் காலை மூவரும் மதுரைக்கு ரயில் ஏறினார்கள். "என்னால உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா மதினி..." என்று ஆறுமுகத்தாய் ஆரம்பித்து நிறுத்தினாள்.

"போட்டீ! கேட்டு வாங்குனவ நான்" என்றாள் பிச்சம்மாள். "உன் வீட்டுக்காரர் முகத்தைப் பாக்கத்தான் கூசிப் போச்சு."

"அதான் நான் கண்ண மூடுன பெறகு வந்தியாக்கும்?" என்றார் உச்சிமாகாளி. "நான் எங்க தூங்குனேன்? எல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஜன்னலோரத்திலிருந்து மெல்ல எழுந்தார். "இங்கன உக்காரு, காத்து வரும்."

நடுவில் ஆறுமுகத்தாய் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்த சற்று நேரத்தில் பிச்சம்மாள் ஒரு தோளிலும் அவர் மறு தோளிலும் சாய்ந்துவிட்டார்கள். தூங்குகிறவர்கள் சரிந்துவிடாதபடி அவள் மதுரை வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.