தெருவுக்கே ஒரு சொட்டு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பேனாவைப் பிடித்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் நேற்று பூந்தமல்லி பஸ்ஸில் சிவந்த கண்ணோடு ஒருத்தர், பக்கத்து சீட்டுக்காரரிடம் கண் மருந்தை இரவல் கேட்டார். பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, பாரிவாக்கத்தில் எங்கள் தெருவிலேயே பெரியப்பா வெல்டர். கண்புரை ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வில்லன் மாதிரி வந்து இறங்கினார். கையில் சின்ன பாட்டில். கண்ணில் கிருமி சேராமல் இருக்க ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து. எனக்கு அதுதான் விளங்கவில்லை. கிருமியே இல்லையாம், பிறகு யாரை அடிக்க மருந்து? சொட்டு விழும்போதெல்லாம், உள்ளே ஏதாவது ஓடுகிறதா என்று கிட்டே போய்ப் பார்ப்பேன்.

அந்த வாரம் தெருவுக்குள் மெட்ராஸ் ஐ நுழைந்தது. முதலில் என் கூட்டாளியை அவன் அம்மா இழுத்து வந்தார். இரண்டு கண்ணும் தக்காளி.

"அண்ணாத்தே, புள்ள கண்ணையே தொறக்க மாட்டன்றான். உங்க மருந்துல ஒரு சொட்டு..."

"இதுக்கு இன்னாமா கேட்டுக்கினு? எனக்குத்தான் கண்ணு பளிச்சுனு கீதே. ஊத்துடி அவனுக்கு!"

பெரியம்மா ஊற்றினாள். அவன் திமிறியதில் பாட்டில் மூக்கு அவன் இமையில் நன்றாகத் தேய்ந்தது. மறுநாள் வாசலில் ரேஷன் கடை வரிசை. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, அதே பாட்டிலில் பெரியப்பாவுக்கும் விட்டாள்.

பிறகு ஒரு காலை, ஆபரேஷன் செய்த கண் சிவந்து, வலி தாங்காமல் எழுந்தார்.

"இன்னாடி, ஒரே பொகையா கீது. உன் மூஞ்சியே தெரில."

"தெரிஞ்சப்ப மட்டும் பாத்துக் கிழிச்சியாக்கும்" என்றவள், ஆட்டோவில் ஏறியதும் அழ ஆரம்பித்தாள். நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இத வேற யாருக்காவது விட்டீங்களா?"

"தெருவுக்கே உட்டோம் மேடம்" என்றார் பெரியப்பா, அந்த வலியிலும் பெருமையாக.

"கண்ணுல வெட்டின எடமே இன்னும் ஆறல. கிருமி உள்ள போயிடுச்சு. இன்னும் லேட்டா வந்திருந்தா பார்வையே போயிருக்கும்."

கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மெல்ல மெல்லத்தான் பார்வை திரும்பியது.

தெருவுக்கெல்லாம் பங்கு போட்டதில் மருந்தின் பலம் தீர்ந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். இனிமேல் வரக்கூடிய கிருமிக்காகக் காவல் வைத்த மருந்து அது என்பதோ, அந்தக் காவல்காரன் மூக்கிலேயே எங்கள் தெரு மொத்தமும் ஏறி உட்கார்ந்திருந்தது என்பதோ எனக்குத் தெரியாது.

எழுதியதை அந்தக் கூட்டாளிக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"அதான் மச்சான், உங்க பெரிப்பா இன்னிக்கும் என்னப் பாத்தா கண்ண மூடிக்கினு போறாரா?"