கன்னிமூலையில் மூன்று செங்கல்

என் மதினி இருந்தார். என் வீட்டுக்காரர் இருந்தார். எதிர்வீட்டு ஊலே இருந்தார். காயலாங்கடை பாய் இருந்தார். பாயோடு வந்த ஆள் ஒருவன் இருந்தான். நான் இருந்தேன். பர்மாவில், யாங்கோனை ஒட்டிய மிங்கலாடோனில் எங்கள் வீட்டு வேலியோரம் நின்ற கேரவனைச் சுற்றி அன்று காலை இத்தனை பேர். மதினி மட்டும் கேரவனுக்கு உள்ளே. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற எல்லோரும் வெளியே வெயிலில்.

மதினி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தார். நல்ல உடம்பு, நல்ல குரல். ஊலே என்றால் பர்மிய மொழியில் மாமா. பழைய லாரி டிரைவர், பர்மாக்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். திட்டும்போது இன்னும் நன்றாகப் பேசுவார். பாய் பழைய இரும்பு எடுத்து உடைத்து விற்கிறவர். அன்று அவர் ஜீப்போடு வந்தது அந்தக் கேரவனை இழுத்துக்கொண்டு போய் உடைக்க.

மதினிக்கு ஒரே ஆசை. தம்பி வீட்டுச் சோறு என்ற பேச்சு இல்லாமல் சொந்தக் கடை வைக்க வேண்டும். கடை என்றால் ஷ்வே யின் ஏ கடை. தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசியும் கடற்பாசியும் பச்சைச் சேமியாவும் போட்டு, மேலே ஒரு ரொட்டித் துண்டு வைத்துக் கொடுப்பார்கள். வெயில் காலத்தில் யாங்கோன் முழுக்க அதைத்தான் குடிக்கும். மதினியின் கைப்பக்குவம் தெருவுக்கே தெரியும். ஆனால் தேங்காய்ப்பால் வெயிலில் பத்து மணிக்கே புளித்துவிடும். ஐஸ்கட்டி வாங்கிப் போட்டால் நீர்த்துப் போகும், கட்டி கரையாமலிருக்க மூடிவரும் உமி வேறு மிதக்கும். கரண்டு எங்கள் பக்கம் வந்தால் வந்தது, போனால் போனது. எண்ணெய் தேட வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன கேரவன் ஒன்று கைமாறிக் கைமாறி விலைக்கு வந்தது. அதற்குள் இருந்த ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுவது. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. அடியில் சின்னதாக நெருப்பு எரிந்தால் மேலே குளிரும் என்றார்கள். நெருப்பு வைத்தால் எப்படிக் குளிரும் என்று எனக்கு விளங்கவில்லை. மதினிக்கும் விளங்கவில்லை. விளங்காமலே வளையல்களை விற்று வாங்கிவிட்டார்.

வண்டி வந்து நின்றதும் மதினி செய்த முதல் வேலை கன்னிமூலையைத் தூக்கியது. தென்மேற்கு மூலை உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கனமாவது இருக்க வேண்டும், வடகிழக்கு தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் கையில் காசு நிற்கும் என்பார். வீடு கட்டும்போது தரையை அப்படிப் போடுவது எங்கள் ஆட்களிடம் வழக்கம்தான். சக்கரம் வைத்த வீட்டுக்கு அது உண்டா என்று யாரும் கேட்கவில்லை. தென்பக்கச் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் மூன்று செங்கல் அடுக்கினோம். இழுக்கிற கொக்கி இருக்கும் மேற்கு முனைக்கு ஒரு மரக்கட்டை. மதினி சூடம் காட்டினார். உள்ளே நடந்தால் படகில் நடக்கிற மாதிரி இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் சொல்லக்கூடிய சங்கதியா அது.

ஃபிரிட்ஜ் குளிர்ந்தது. ஆனால் கடனே என்று குளிர்ந்தது. காலையில் வைத்த தண்ணீர் மறுநாள் சாயங்காலம்தான் கொஞ்சம் சில்லிடும். தேங்காய்ப்பால் அதுவரை காத்திருக்குமா. ஊலே வந்து அடியில் படுத்துப் பார்த்தார். நெருப்பு மஞ்சளாக எரிகிறது, நீலமாக எரிய வேண்டும் என்றார். பர்னரைக் கழற்றித் துடைத்தார். புகை போகிற குழாயில் கோழி இறகை விட்டுக் கரியை எடுத்தார். நெருப்பு நீலமாயிற்று. குளிர் கூடவில்லை. பின்பக்கம் காற்றுப் போகிற ஜன்னல் கம்பிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டி எடுத்தோம். ஊலேயின் மூக்கு வீங்கியது. குளிர் கொஞ்சம் கூடியது, மூக்கு வீங்கின அளவுக்குக்கூட இல்லை. கதவு ரப்பரில் காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தோம். இறுக்கமாகத்தான் இருந்தது. மதினி ஃபிரிட்ஜ் கதவில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். என் வீட்டுக்காரர் அரைமணிக்கு ஒருதரம் கதவைத் திறந்து கையை விட்டுப் பார்ப்பார்.

"நீ தொறந்து தொறந்து பாக்குறதுலதான்டா சூடாகுது" என்பார் மதினி.

"அக்கா, நம்ம மண்பானைத் தண்ணி இதைவிடச் சில்லுன்னு இருக்கு."

"அப்ப பானையைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து. ஏன் இந்தப் பிள்ளையைக் கட்டிக்கிட்டு வந்த?"

இந்தப் பிள்ளை என்றது என்னை. நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன்.

திஞ்சான் நெருங்கியது. பர்மியப் புத்தாண்டுக்கு ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் திருவிழா. ஷ்வே யின் ஏ குடிக்கிற நாளும் அதுதான். அந்த நாளை விட்டால் கடைக்கு ஒரு வருஷம் போச்சு. திஞ்சானுக்குள் குளிராவிட்டால் இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மதினியும் சரி என்று தலையாட்டியிருந்தார். குளிரவில்லை. பாய் வந்துவிட்டார். தலையாட்டின மதினி கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, வெளிய வாங்க. வாக்குக் குடுத்தாச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"வாக்குக் குடுத்தது நீ. வண்டி என்னுது."

"அக்கா, இரும்பு விலை நாளைக்கு எறங்கும்" என்றார் பாய்.

"எறங்கட்டும் பாய். நானும் எறங்கல, நெருப்பையும் அணைக்கல. கேஸ் தீர்ற வரைக்கும் எரியட்டும்."

மதினி உள்ளே இருக்கும்போதே வேலை நடந்தது. ஜாக்கி போட்டுச் செங்கல்லை உருவினார்கள். கட்டையை எடுத்துவிட்டு வண்டியின் முனையை ஜீப்பில் மாட்டினார்கள். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது, மதினி திட்டுகிற சத்தமும். பாய் ஜீப்பைக் கிளப்பினார். இருமியது, நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. அப்போது பெட்ரோல் ரேஷன். நினைத்தால் போய் ஊற்றிக்கொள்ள முடியாது. மாவ்பியில் தெரிந்த ஒருவரிடம் வாங்கிவரப் பாய் தன் ஆளை டின்னோடு அனுப்பினார். அவன் அன்று திரும்பவில்லை. பாய் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வீட்டிலேயே படுத்தார். மதினிக்கு ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குழம்பில் உப்புக் குறைச்சல் என்றார்.

விடிந்ததும் நான் சாணம் தெளிக்கப் போனேன். கேரவன் கதவு திறந்திருந்தது. மதினி படியில் நின்றார். கையில் சின்னக் குண்டான். முன்தினம் குடிப்பதற்கென்று தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்திருந்தாராம். அதை என்னிடம் நீட்டினார். தண்ணீருக்கு மேலே ஆடை கட்டியிருந்தது. விரலால் தொட்டேன். ஐஸ்.

எல்லோரும் எழுந்து வந்தார்கள். குண்டான் கைமாறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் முகர்ந்துகூடப் பார்த்தார். நேற்று வரை குளிராதது ஒரே ராத்திரியில் எப்படிக் குளிர்ந்தது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மதினி கீழே இறங்கிப் புல்லில் கிடந்த மூன்று செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்துலேர்ந்து இது ஒண்ணுதான் மாறியிருக்கு" என்றார்.

ஊலே உள்ளே போய் ஃபிரிட்ஜ் மேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஜீப்பில் மாட்டின நிலையில் வண்டி சமமாக நின்றது. தட்டில் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. இதில் மோட்டார் கிடையாது, குழாய்க்குள் குளிர வைக்கிற மருந்து தானாக வழிந்து இறங்க வேண்டும், வண்டி சாய்ந்தால் அது வழியாமல் தங்கிவிடும் என்றார். வெளியே வந்து தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். குளவிக்குக் கொடுத்த மூக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"மூணு மாசமா பாவம் அந்த ஃபிரிட்ஜ் மலையேறிக்கிட்டு இருந்திருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

மதினி பாய்க்கு அந்தத் தண்ணீரில் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். பாய் குடித்தார். கொஞ்ச நேரம் கிளாஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"இதை ஒடச்சா ஆண்டவன் என்னைக் கேப்பான். ஆனா வந்ததுக்கு வெறுங்கையா அனுப்பாதீங்க அக்கா."

உள்ளே இருந்த துருப்பிடித்த இரண்டு இரும்புக் கட்டில்களைக் கழற்றிக் கொடுத்தோம். அவருடைய ஆள் டின்னோடு வந்து சேர்ந்ததும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

கொக்கி முனையை அதே மட்டத்தில் கட்டையில் இறக்கினோம். வண்டி எங்களுக்கே நிலைத்தது. ஆனால் மதினி முகம் தெளியவில்லை. செங்கல்லைத் திரும்ப வைத்தால் ஃபிரிட்ஜ் குளிராது. வைக்காவிட்டால் கன்னிமூலை தாழ்ந்து போகும், கடை ஓடாது என்பது அவர் நம்பிக்கை. அதை யாராலும் பேசி மாற்ற முடியாது. ஒரு செங்கல்லைக் கையில் எடுப்பார், கீழே வைப்பார். எனக்கு என்ன வந்ததோ, வாயைத் திறந்துவிட்டேன்.

"மதினி, ஒசரம் இல்லாட்டிக் கனம் இருக்கணும்னு நீங்கதான சொல்லுவீங்க. அந்த மூலையில நீங்க உக்காந்துக்கங்க."

வீட்டுக்காரர் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. ஊலே தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னையவா சொல்ற?"

நான் குண்டானைக் கையில் எடுத்துக்கொண்டேன். சொன்னதே அதிகம்.

"பேசாத பிள்ளை பேசினா இப்படித்தான் பேசும்" என்றார் மதினி. அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பு வேலிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. ஒரு முக்காலியை எடுத்துப் போய் தென்மேற்கு மூலையில் போட்டு உட்கார்ந்தார். ஊலே தட்டுத் தண்ணீரை மறுபடி வைத்துப் பார்த்து, மதினி உட்கார்ந்த கனத்துக்குத் தக்கபடி ஒரு பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். அதன் பிறகு கடை இருந்த காலம் முழுக்க அந்த மூலையில் வேறு யாரையும் மதினி உட்கார விட்டதில்லை. அங்கே உட்கார்ந்தபடியே கலக்குவார், அங்கிருந்தே அதட்டுவார்.

இப்போது என் வீட்டில் இருப்பது கரண்டு ஃபிரிட்ஜ். உர்ரென்று சத்தம் போடும். எப்படி வைத்தாலும் குளிரும். மதினி மாவ்பியில் கல் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். கடைக் காசில் கட்டியது. தரையைப் போட்ட கொத்தனாரை என்ன பாடு படுத்தினாரோ. நான் கேட்கவில்லை. அந்தத் திஞ்சானின் முதல் நாளை மட்டும் மதினியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். தெரு முழுக்கக் கரண்டு இல்லை. ஆட்கள் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கேரவன் ஜன்னலில் கை நீட்டினார்கள். மதினி ஊற்றினார், நான் ரொட்டித் துண்டு வைத்தேன். இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சொன்ன என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளாஸ் கழுவுகிற வாளிக்கு முன்னால் குந்தினார். எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் தேங்காய்ப்பால் தீர்ந்தது, புளிக்காமல் தீர்ந்தது. கை விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப் போய் அவர் அக்காவிடம் வந்து நின்றார். தான் கழுவின கிளாஸ் எத்தனை என்று மட்டும் சொன்னார்.

இருநூற்றுப் பதினேழு.