முறை கேட்காத பதினோரு நாள்

கண்ணாயி எவரையும் முறை சொல்லாமல் கூப்பிட்டதில்லை. எதிரே வருபவர் மாமனா, சித்தப்பனா, அத்தையா என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டு வாய் நிறையக் கூப்பிடுவாள். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் அரியூர் நாட்டில் அவளிடம் அந்த மரியாதை வாங்காத ஆள் கிடையாது. ஒரே ஒருவருக்கு மட்டும் அவள் கடைசிவரை முறை சொல்லவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் எனக்குப் பெரியப்பா மகள், பக்கத்து வீடு. நடந்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் தொடங்கின வருஷம் அது என்று பின்னால் சொன்னார்கள். எங்களுக்கு அது சாமை நன்றாக விளைந்த வருஷம், ஊரில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்த வருஷம். கதிர் முற்றிக் கிடக்கிறது, அறுக்க ஆள் இல்லை. கண்ணாயியின் அப்பா குப்புசாமி, மலையின் அந்தப் பக்கம் இருக்கும் பைல் நாட்டுக்குச் சொல்லியனுப்பினார். கருப்பண்ணன் என்பவர் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

எங்கள் மலையில் புது ஆள் வந்தால் தண்ணீர் கொடுக்கும் முன்பே கேட்பது, நீங்கள் எந்த வகுப்பு, அதாவது எந்தக் குலம், என்றுதான். ஒரே வகுப்பில் பிறந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் பங்காளிகள். அவர்களுக்குள் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. வேறு வகுப்பு என்றால் மாமன் மச்சான். பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். பெரியப்பாவும் கேட்டார். கருப்பண்ணன் சொன்ன வகுப்பு எங்களுக்கு மாமன் முறை. அதோடு கேள்வி முடிந்தது. கூட வந்த எட்டுப் பேரைத் தனித்தனியாக யாரும் கேட்கவில்லை. அவர் ஆட்கள் என்றால் அவர் வகுப்புத்தானே என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

அந்த எட்டில் ஒருவன் சென்றாயன். பதினெட்டு வயது இருக்கும். அழகன் என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும். காது இரண்டும் விடைத்து நிற்கும். சாமைத் தூசி மூக்கில் ஏறினால் வரிசையாக ஏழெட்டுத் தும்மல் போடுவான். போட்டு முடித்ததும் மற்றவர்கள் சிரிக்கும் முன்னே தானே சிரிப்பான். அவ்வளவுதான் அவன். இதைப் பார்த்துத்தான் பதினைந்து வயதுக் கண்ணாயி அரிவாளும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் எருதாட்டத்தில் காளைக்கு முன்னால் நிற்கிற பையன்கள் எத்தனை பேர் இருந்தார்கள். அவர்களை ஏறெடுத்தும் பார்க்காதவள் இவனைப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தும்முகிறவனிடம் அப்படி என்னடி கண்டாய் என்று கேட்டேன்.

"தெரியலடி பாவாயி. அவரு தும்முனா எனக்குச் சிரிப்பு வருது. கொஞ்ச நேரம் தும்மாம இருந்தா, எங்க போயிட்டாரோன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

எனக்கும் பதினைந்துதான். இன்றைக்கு நாலு பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்த பிறகும் அது எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்காத ஒன்று அடுத்தவளுக்கு எங்கே விளங்கப்போகிறது.

அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அவன் மாமன் முறையாக இருக்க வேண்டும். ஆனால் அவனிடம் வகுப்பைக் கேட்கப் பயந்தாள். கேட்டால் பதில் வந்துவிடுமே. நான் சும்மா இருந்தேனா? "கருப்பண்ணன் நமக்கு மாமன். இது அவரு அண்ணன் மவனாவோ தம்பி மவனாவோதான் இருக்கும். முறைதான் புள்ள, பயப்படாத" என்று தைரியம் சொன்னேன். உன் மாமன் தும்முகிறான் பார் என்று காட்டுக்கே கேட்கும்படி கேலி பேசினேன். கேலி பேசப் பேச அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து நான் இன்னும் பேசினேன்.

பத்து நாளும் அவள் அவனை, எந்த முறையிலும் சேராத "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டாள். ஏனுங்க, கஞ்சி இருக்குது. ஏனுங்க, தண்ணி வேணுங்களா. அவனும் "ஏனுங்க, கொஞ்சம் உப்பு" என்பான். சின்னப் பெண்ணை ஏனுங்க என்கிறானே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முறைப்பெண் என்றால் உரிமையாகப் புள்ள என்றிருக்கலாம், பங்காளி என்றால் தங்கச்சி என்றிருக்கலாம். அவனும் கேட்காமல்தான் இருக்கிறான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பதினோராம் நாள் வேலை முடிந்தது. புதுச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஆக்கி, வந்தவர்களை வாசலில் வரிசையாக உட்கார வைத்தோம். கண்ணாயி பரிமாறினாள். பெரியப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். சென்றாயனைப் பார்த்து, "நீ கருப்பண்ணனுக்கு அண்ணன் மவனா, தம்பி மவனா கண்ணு?" என்று கேட்டார்.

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இல்லீங்க. அவரு என்ற அம்மாவுக்குத் தம்பிங்க. எனக்குத் தாய்மாமனுங்க."

அப்படியானால் உன் அப்பா எந்த வகுப்பு என்று பெரியப்பா கேட்டார். சொன்னான். எங்கள் வகுப்பு.

பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒற்றைப் பெண்ணைப் பெற்றவர் அல்லவா. "நம்ம பங்காளி ஊட்டுப் பையனை இத்தனை நாள் வேத்தாளா வெச்சிருந்தமே. கண்ணாயிக்கு அண்ணன் இல்லைங்கற கொறை தீந்துது. அண்ணனுக்கு இன்னும் ரண்டு கை சோறு வை சாமி" என்றார். கண்ணாயி வைத்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை, நான் பார்த்தேன். அவனும் குனிந்த தலை நிமிராமல் முழுவதையும் தின்று முடித்தான்.

முறை தெரிந்ததும் மனசு தானாக அடங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவளுக்கு அடங்கவில்லை. களத்து வைக்கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள்.

"அண்ணன்னு தெரிஞ்சும் போவ மாட்டேங்குதுடி. நான் கெட்டவளா?"

கெட்டவள் அவள் இல்லை, நான்தான். என் வாய் பத்து நாள் சும்மா கிடந்திருந்தால் அவள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள் என்று நினைத்தேன். இல்லை, போயிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவளோடு சேர்ந்து அழுததைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சின்னராசு, சொந்தத் தாய்மாமன் மகன். தங்கமான மனுஷன், அவளைக் கடைசிவரை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எங்கள் பக்கம் மணப்பெண்ணை அண்ணன்தான் கைப்பிடித்து வீட்டிலிருந்து பந்தலுக்கு அழைத்து வர வேண்டும். வாசலில் நின்று, வா தங்கச்சி என்று கூப்பிடுவான். வாரேங்கண்ணா என்று பெண் சொல்லுவாள். கூடப் பிறந்தவன் இல்லாததால் பெரியப்பா பைல் நாட்டுக்கு ஆள் அனுப்பினார்.

கல்யாணத்தன்று காலையில் அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் ஏழில் நின்றது. பிறகு ஒரு சிரிப்பு. கண்ணாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

அவன் வாசல்படியில் வந்து நின்றான். வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, அதே காது. சனம் முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டி, பின்னால் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னான்.

"ஏனுங்க, போலாங்களா?"

"போலாமுங்க" என்று அவள் கையைக் கொடுத்தாள்.

வாசலிலிருந்து பந்தலுக்கு இருபது அடி இருக்கும். அதை இருவரும் மெதுவாகவே நடந்தார்கள். பதினோரு நாள் ஒரே காட்டில் அறுத்தும் அவன் அவள் விரலைக்கூடத் தொட்டதில்லை. முதன்முதலாக அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான், சின்னராசு கையில் கொடுப்பதற்காக.