ஏலக்காய் ஸ்டோருக்குள் என் நான்கு குப்பிகள்

போன ஆவணியில் நான்கு கண்ணாடிக் குப்பிகளை வேகவைப்பதற்காகப் போடிமெட்டு ஏறினேன். சிரிக்காதீர்கள், என் மூன்று வருட உழைப்பு அந்தக் குப்பிகளுக்குள்தான் இருந்தது.

மதுரையில் நான் பேட்டரி ஆராய்ச்சி மாணவி. எங்கள் பேட்டரியில் ஆசிட் கிடையாது, தீப்பிடிக்கும் திரவமும் கிடையாது. தண்ணீரில் கால்சியம் உப்பு, அதில் முங்கிய ஒரு மின்முனை கரிமப் பொருள். மலிவு, பாதுகாப்பு, எல்லாம் சரி. ஆனால் அந்தக் கரிமப் பொருள் தண்ணீரில் மெல்லக் கரைந்து தொலைக்கும், சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்தால் கதை முடிந்தது. கரையாமல் இருக்க, மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்துப் புதிதாக ஒன்று செய்திருந்தேன். "இதுவும் கரைஞ்சா இதை மூட்டை கட்டிடும்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

சோதித்துப் பார்க்க நாள் முழுக்க ஈரச்சூடு வேண்டும். அது ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கொட்டகையில், கிடைக்கும். போடிமெட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் செல்வி அக்கா அப்படியொரு ஸ்டோர் நடத்துகிறார். அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளின் பச்சைக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தித் தருவார். கரண்ட் போய்க் காற்றாடி நின்றால், பேட்டரியில் தானாக அடித்துக் கூப்பிடும் அலாரம் மணி ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் முன்பு ஒரு பேட்டரி உள்ளே உப்பிப் புகைந்ததால், பேட்டரி என்றாலே அவருக்கு ஆகாது. தண்ணீர் பேட்டரி என்றதும்தான் வரச் சொன்னார்.

ஆரப்பாளையத்தில் பின்னிரவு மூன்று மணி பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போடி. அங்கிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்பில் நூறு ரூபாய். டிரைவர் பாண்டி அண்ணன் என் மடியில் குப்பிகளை அடுக்கி வைத்திருந்த முட்டை அட்டையை முறைத்தார்.

"என்னத்தா அது, பேட்டரியா? ஆசிட்டுன்னா ஏத்த மாட்டேன். போன தடவ ஒருத்தன் ஏத்தி, சாக்கெல்லாம் பொத்துப் போச்சு."

"ஆசிட் இல்லண்ணே. தண்ணியும் கால்சியமும்தான். சுண்ணாம்புல இருக்குமே, அது."

"அப்ப வெத்தல எங்க?" என்றார். ஜீப்பே சிரித்தது. "ஏறு, ஏறு. வெரசாப் போவணும்."

பதினோரு மணிக்குக் காய்த் தட்டுகளோடு என் அட்டையும் சூட்டறைக்குள் போனது. பழைய பொருள் இரண்டு குப்பி, புதியது இரண்டு. ஜோடிக்கு ஒரு சிவப்புக் குட்டி விளக்கு. செல்வி அக்கா கதவைச் சாத்தினார். இனி மறுநாள் காலைதான் திறப்பார். கதவில் உள்ளங்கை அளவு கண்ணாடி உண்டு, அதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு மணிக்கு இரண்டு விளக்கும் எரிந்தன. ஆறு மணிக்குப் பார்த்தால் ஒன்றுதான். எந்த ஜோடி? லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். படித்தவள் லட்சணம்!

"அக்கா, ஒரே நிமிசம் தொறங்களேன்."

"அடி ஆத்தீ! சூடு எறங்குனா காயி வெளுத்துப் போகும். எட்டு வீட்டுக் காயி உள்ள கெடக்கு. உன் குப்பி ஓடியா போகும்? வந்து சாப்புடு."

சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது.

காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது. ஏல வாசனையில் மூச்சு முட்டியது. "மொதல்ல காயி" என்று அக்கா என்னை ஓரங்கட்டினார். ஒரு பிடி அள்ளிக் குலுக்கினார். நல்ல பச்சை, கலகலவென்ற சத்தம். அவர் முகம் தெளிந்த பிறகுதான் என் அட்டை வெளியே வந்தது. திருப்பினேன். அணைந்த ஜோடி பழையது, தண்ணீர் டிக்காஷன் நிறம். எரிந்த ஜோடி புதியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

"இந்தா, இதுல லேசா மஞ்ச தட்டுது பாரு" என்றார் அக்கா, ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கி. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது அதைத்தான்.

"ஆமாக்கா. கொஞ்சம் கரைஞ்சிருக்கு."

"எரியுதுல்ல? அப்ப இங்கனயே கெடக்கட்டும். அடுத்த லோடுக்கும் உள்ள வப்போம்."

போகிறவர்களுக்கு: ஜீப் விடியும்போதே கிளம்பிவிடும், முன்தினமே சொல்லி வையுங்கள். ஆவணியில் மேலே மழையும் குளிரும் உண்டு, ஸ்வெட்டர் கட்டாயம். வளைவில் வாந்தி வருமென்றால் முன் சீட்டு கேளுங்கள். சோதனைக்குப் போகிறவர்கள் லேபிளைத் தயவுசெய்து கதவுப் பக்கம் வையுங்கள்.

எரிகிற ஜோடியை அங்கேயே விட்டுவிட்டு, அட்டையில் அணைந்த இரண்டோடு இறங்கினேன். மறுநாள் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. புகை படிந்த கதவுக் கண்ணாடி, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. கீழே, "எரியுது. மணி எப்பக் கொண்டாருவ?" ஒரு வார்த்தை சேர்க்காமல் அதை அப்படியே பேராசிரியருக்கு அனுப்பினேன்.