சின்னவளின் கேள்விகள்

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், சித்தி மகளைச் சின்னவள் என்பார்கள். இருவரும் ஒரே பல்கலைக்கழகம். அங்கே ஆங்கிலத்தை அவரவரே படித்துக்கொள்ள வேண்டும். இலக்கையும் அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவது என்று பெரியவள் வைத்துக்கொண்டாள். வகுப்பில் வாரம் ஒரு கேள்வி கேட்பேன் என்றாள் சின்னவள். இதெல்லாம் ஒரு இலக்கா என்று பெரியவள் உதட்டைப் பிதுக்கினாள்.

சின்னவள் தப்பும் தவறுமாகத்தான் கேட்டாள். ஆனாலும் பேராசிரியர்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, அவள் விட்ட பிழையெல்லாம் மனதில் சேர்த்துவைத்தாள்.

பருவ முடிவில், இலக்குகளைச் சரிபார்க்கும் ஆலோசகர் அம்மா, “எப்படிப் போகுது?” என்று ஆங்கிலத்தில் கேட்டதுதான் தாமதம். முன்வரிசையில் போய் உட்காருவது, அசட்டுக் கேள்வி கேட்பது, தன் பிழைக்குத் தானே சிரிப்பது என்று சின்னவளின் வண்டவாளம் முழுவதையும் பெரியவள் ஆங்கிலத்திலேயே கொட்டித் தீர்த்தாள்.

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். “எட்டு நிமிஷம். எங்கயும் நிக்கல. உன் இலக்கு முடிஞ்சுதும்மா. அடுத்த பருவத்துக்கு என்ன வச்சுக்கற?”

பெரியவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அவ என்ன வச்சிருக்கா மேடம்?”