ஹால் லைட்டை யார் போடுவது?

போன சனிக்கிழமை எங்கள் டெல்லி வீட்டில் நான்கு கேசரி.

நான்கு கிண்ணம் இல்லை. நான்கு சட்டி! மகள் எஸ்தரைப் பெண் பார்க்க கிட்வாய் நகரிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை டேனியலுக்குக் கேசரி பிடிக்கும் என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். யாரும் யாரிடமும் சொல்லாமல் ஆளுக்கொரு கேசரி! நான் ஒன்று, மாடியில் இருக்கும் சுகந்தி ஒன்று, செல்வி ஒன்று. எங்கள் வீட்டு மிசோரம் தம்பதிக்குக் கேசரி என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் போகல் மார்க்கெட்டில் சூஜி ஹல்வா வாங்கிவந்து, "இதுவும் அதுதானாம், கடைக்கார பையா சத்தியம் பண்ணினார்" என்று நீட்டினார்கள்.

இது என்ன வீடு, சத்திரமா என்று கேட்கிற புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் பதினோரு பேர். குடும்பத்துக்குக் குடும்பம் ரத்த சொந்தம் கிடையாது. ஒரே ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள். 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் சகோதரா, சகோதரி என்று கூப்பிட்டுக்கொண்டால் போதுமா? மற்ற ஆறு நாளும் யாரோ எவரோவா?' என்று ஒருநாள் பேச்சு வந்தது. பேச்சு முற்றி, ஜங்புராவில் மூன்று மாடி வீடு ஒன்றைச் சேர்ந்து வாடகைக்குப் பிடித்துவிட்டோம். படுக்கை தனித்தனி. சமையலறை ஒன்று, மேஜை ஒன்று. இதற்காக லோதி ரோட்டில் என் கணவருக்குக் கிடைத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸைக்கூட விட்டுக்கொடுத்தோம். "கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று ஊரிலிருந்து போன் மேல் போன். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கிறுக்கு இன்னும் தெளியவில்லை.

"பிரைவசி வேண்டாமா கிரேஸ்?" என்று ஆபீஸில் கேட்பார்கள். கேட்கிறவர்களின் ஃபிளாட்டுக்கும் போயிருக்கிறேன். எதிர்வீட்டில் இருப்பது யார் என்று டெலிவரி பையாவுக்குத்தான் தெரியும்! காய்ச்சலில் கிடந்தால் ஒரு டம்ளர் கஞ்சிக்கும் ஆப்பில் ஆர்டர் போட வேண்டும். அதற்குப் பெயர் சுதந்திரமாம். எனக்கு டெங்கு வந்தபோது பதினோரு நாள் என் துணிகளைத் துவைத்தது யார் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெருமைதான் பேசுகிறேன். பேசக் கூடாதா என்ன?

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். யார் காய் நறுக்குவது, யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது... ஆண் பெண், ஆபீசர் பியூன் என்ற பேதம் அதில் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலப் பாத்திரம் என்னுடையது. நான் கழுவுகிற லட்சணம் ஊரறிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கோபத்தை வைத்துக்கொண்டு பொழுதைச் சாய விடக் கூடாது என்று எல்லோரும் ஞாயிறுப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். படித்து என்ன செய்ய? நாங்கள் அதற்கு ஒரு ஸ்விட்ச் வைத்தோம். வீட்டில் யாராவது யார் மனதையாவது நோகடித்திருந்தால், அது தீரும் வரை ஹால் லைட்டைப் போடக் கூடாது. தப்பு செய்தவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். நொந்தவர்தான் போய் ஸ்விட்சைப் போட வேண்டும். ஜூன் மாதத்தில் பரவாயில்லை, ஏழு ஏழேகால் வரை சண்டை போடலாம். ஜனவரியில்? ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். டெல்லிக் குளிரில் நிம்மதியாகக் கோபப்படக்கூட நேரம் கிடையாது!

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எஸ்தருக்கு இருபத்தெட்டு வயது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. இரண்டுக்கும் காரணம் இந்த வீடுதான். ஒருவர், "பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா வீடு ஆசிரமம் மாதிரி இருக்கே" என்றார். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை, வீட்டைச் சுற்றிப் பார்த்ததோடு சரி. இந்த இடம் அப்படியில்லை. இரண்டு மாதமாக எஸ்தரும் டேனியலும் போனில் பேசுகிறார்கள். பேசி முடித்தபின் ரொம்ப நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டே திரிகிறாள். பெற்றவளுக்குத் தெரியாதா? இது மட்டும் கைநழுவிப் போய்விடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். டேனியல், அப்பா, அம்மா. எதிரே நாங்கள் பதினோரு பேர்! டேனியலின் அம்மா சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பொண்ணோட அம்மா யாரு?" என்று கேட்டார். சிரித்துவிட்டோம். நல்ல மனுஷிதான். ஊர்க்கதை பேசினோம். "நீங்க நாசரேத் பக்கமா, சாயர்புரம் பக்கமா?" என்று மெதுவாக விசாரித்தார். நம்மவர்களிடம் ஜாதி கிடையாது, தெரியுமல்லவா? 'எந்தப் பக்கம்' மட்டும்தான் உண்டு.

அப்புறம் கேசரி வந்தது. நான்கையும் ருசி பார்த்த டேனியலின் அம்மாவின் கரண்டி, அன்னாசி போட்ட கேசரியில் நின்றது. "இது யார் பண்ணினது?"

"செல்வி" என்று கை காட்டினேன்.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரத்துப் பக்கம். கணவர் இல்லை. பாராபுல்லா சாக்கடைக் கால்வாய் ஓரம், தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருந்தாள். அந்த கேம்ப்பை இப்போது இடித்தாகிவிட்டது. காலையில் இரண்டு பங்களாக்களில் சமையல் வேலைக்குப் போகிறாள். இந்த வீட்டை ஆரம்பித்த முதல் நாளிலிருந்து இருப்பவள். மேஜையில் எல்லோருக்கும் ஒரு குரல் என்றால் அவளுக்கும் ஒரு குரல். என் தீர்மானங்களைப் பாதிக்குப் பாதி தோற்கடித்ததே அந்தக் குரல்தான். அன்று பச்சைப் பட்டுப்புடவை கட்டி, பெண் வீட்டுக்காரியாக ஜம்மென்று சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

டேனியலின் அம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கையில நல்ல பக்குவம் இருக்கு. எத்தனை வருஷமா உங்ககிட்ட வேலை பாக்குது?" என்றார்.

ஒரு வார்த்தை. 'வேலை பார்க்கவில்லை, இந்த வீட்டுக்காரி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நாக்கு நுனிக்கு வந்தது. ஆசிரமம், தட்டிப்போன இரண்டு இடம், எஸ்தரின் சிரிப்பு, எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் ஓடின.

"ஒன்பது வருஷமா இருக்கா" என்றேன்.

பொய்யில்லையே! ஒன்பது வருஷமாக இருக்கிறாள்தானே? பொய் சொல்லாமலே பொய் சொல்வதற்கு என்னிடம் டியூஷன் படிக்கலாம்.

செல்வி எழுந்தாள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். எல்லோர் கையிலிருந்தும் தட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம். என் முறை!

அவள் கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவள் என் பொய்யைக் காப்பாற்றப் போனாள். நான் சொன்னது மெய்யாகத் தெரியட்டும் என்று வேலைக்காரியாகவே நடந்துகொண்டாள். நான் சோபாவில் சாய்ந்துகொண்டு, "அப்புறம் மதினி, ஊர்ல மழை எப்படி?" என்று கேட்டேன். வெட்கம் கெட்டவள்.

மணி ஐந்து. ஐந்தேகால். ஐந்தரை.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கியது. ஹால் மங்கியது. பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கு எதிரில் இருப்பவர் மூக்கு தெரியவில்லை. ஸ்விட்சுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தவர் என் கணவர். நாலு மணிக்கே லைட்டைப் போட்டுவிட்டு என்னிடம் திட்டு வாங்குகிற மனுஷன்! இரண்டு கையையும் மடியில் கோத்து, சர்ச்சில் காணிக்கைப் பை வருவதற்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். சுகந்தி அசையவில்லை. அவள் கணவர் அசையவில்லை. தமிழ் அரைகுறையாகப் புரியும் மிசோரம் தம்பதிகூட அசையவில்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஒருத்தர்கூட லைட்டையும் போடவில்லை.

"பவர் கட்டா?" என்றார் டேனியலின் அப்பா. உள்ளே ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து சுவரைத் தடவினார். "ஸ்விட்ச் எங்கம்மா இருக்கு?"

அப்போது எஸ்தர் பேசினாள். "ஒரு நிமிஷம் இருங்க அங்கிள். மம்மிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு."

அடிப்பாவி மகளே! உன் கல்யாணம்டி! முதலில் எனக்கு வந்தது கோபம்தான், மறைப்பானேன்? யாருக்காகப் பொய் சொன்னேனோ அவளே வேண்டாம் என்கிறாள். அந்த இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. குரலில் நடுக்கம் மட்டும் தெரிந்தது. அந்த நடுக்கத்தோடுதான் சொன்னாள். அந்தக் கணத்தில், இவளையா நான் பெற்றேன் என்று நெஞ்சு விம்மியது.

எழுந்து நின்றேன்.

"மதினி, செல்வி இங்க வேலை பாக்கல. நான் எப்படியோ அவளும் அப்படி. இந்த வீட்டுக்காரி. நீங்க கேட்டப்ப வாயை மூடிக்கிட்டேன். இந்தச் சம்பந்தம் போயிருமோன்னு பயந்துட்டேன். இன்னைக்குப் பாத்திரம் கழுவுறது என் முறை. அவ கழுவுதா." சமையலறைப் பக்கம் திரும்பினேன். "செல்வி... தப்பு என்னோடது. மன்னிச்சிரு."

குழாய் நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஸ்விட்ச் அவள் கைக்கு எட்டும் தூரம். போடவில்லை.

"கொஞ்ச நேரம் இருட்டுலயே நில்லுக்கா" என்றாள். "எனக்கு வலிச்சிதுக்கா. ரொம்ப வலிச்சிது. நீயும் தெரிஞ்சிக்கோ."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம். ஐம்பத்துநாலு வயதில் பதின்மூன்று பேர் நடுவில் இருட்டில் நின்று அழுதேன். பிறகு 'டிக்' என்றது. வெளிச்சம்.

"சரி, உக்காரு. டீயாவது குடுப்பியா, அதையும் நானே போடணுமா?" என்றாள் செல்வி. எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்கள் சிரித்தார்களா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டீ குடித்தார்கள். கிளம்பினார்கள். வாசலில் டேனியலின் அம்மா சொன்னது இரண்டே வார்த்தை. "சொல்லி அனுப்புறோம்."

தமிழ்நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு போனது. திங்கள் போனது. எஸ்தர் ஆபீஸ் போனாள், வந்தாள். செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் போய், "எம்மேல கோவமாட்டி?" என்றேன்.

"அரே மம்மி! கோவம் இருந்தா இன்னைக்கு ஹால்ல லைட் எரியுமா?" என்றாள். கண் சிவந்திருந்தது.

நேற்று வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு என் போன் அடித்தது. கிட்வாய் நகர்! எடுத்து, "சொல்லுங்க மதினி" என்றேன்.

"கிரேஸ், செல்வி இருக்காங்களா? அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

கொடுத்தேன். செல்வி போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிஷம்! கண்ணாடி வழியாக அவள் தலையாட்டுவதும் சிரிப்பதும் தெரிந்தது. வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை. பிரைவசி வேண்டாம் வேண்டாம் என்று எழுதினேனே, அந்த இருபது நிமிஷமும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தாள். "என்னட்டி சொன்னாங்க?"

"பொண்ணு எப்படின்னு விசாரிச்சாங்க. வீட்டுல உண்மையச் சொல்ற ஆளு யாரோ அவங்ககிட்ட கேக்கணும்னு தோணிச்சாம்."

"நீ என்னத்தச் சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். பாத்திரம் ஒழுங்கா கழுவ மாட்டா, அவங்கம்மா மாதிரின்னேன்."

"பாவி!"

"தப்பு பண்ணினா நாலு பேர் முன்னாடி ஒத்துக்குவா, அதுவும் அவங்கம்மா மாதிரிதான்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வர்றாங்க. நிச்சயத்துக்கு நாள் குறிக்கணுமாம். கேசரி நான் மட்டும்தான் செய்யணுமாம், மத்தவங்க யாரும் அடுப்புப் பக்கம் வரக் கூடாதாம்."

நேற்று சாயங்காலப் பாத்திரம் செல்வியின் முறை. அவளைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்துவிட்டு நானே போய், அத்தனையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவள் எழுந்துபோய் எல்லாவற்றையும் இன்னொரு தடவை கழுவினாள்.